மரணக் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

போன செமஸ்டரில் எங்களுக்கு ஓர் அசைன்மென்ட் தந்தார்கள். உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு முன்னால் வாழ்ந்த ஒருவரைத் தேடி எழுத வேண்டும். சும்மா ஒரு கிழமையில் முடிச்சிடலாம் என்றுதான் நினைச்சோம். சிலர் வீட்டுப் பெட்டியில் கிடந்த காணி உறுதிகளைக் கிளறினார்கள். சிலர் கோயில் கல்வெட்டில் பெயர் தேடினார்கள். மலையகத்திலிருந்து வந்த எங்கள் தோழி ஒருத்தியிடம் இருந்தது ஒரு பெயரும், ஒரு தோட்டத்தின் பெயரும், "ரோட்டு வெட்டுற எடத்துல மண்ணு சரிஞ்சு செத்துட்டாரு" என்று அவளுடைய அப்பாயி சொன்ன ஒற்றை வசனமும்தான். எந்த வருசம்? தெரியாது. அன்றைக்கு வேறு யாரும் செத்தார்களா? தெரியாது.

எப்படித் தேடுவது என்பதற்கு உதாரணமாக விரிவுரையாளர் தந்த வாசிப்புகள், பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் தங்கள் முன்னோரைத் தேடும் முறை பற்றியவை. அசைன்மென்ட் முடிந்த பிறகும் அதை விட்டு வெளியே வர எங்களால் முடியவில்லை.

முதலில் வந்தது பொறாமைதான். அங்கே 1837 இலிருந்து பிறப்பு இறப்புப் பதிவு இருக்கிறது. 1841 இலிருந்து பத்து வருசத்துக்கு ஒருமுறை எடுத்த குடிசன மதிப்பீட்டில் வீட்டிலிருந்த ஆட்களின் பெயரும் வயதும் தொழிலும் இருக்கின்றன. தொழில் என்றால் வெறுமனே 'கூலி' இல்லை. கரி முகத்தில் நின்று வெட்டுகிறவருக்கு ஹியூவர் என்று ஒரு பெயர். இருட்டில் தனியே உட்கார்ந்து காற்றோட்டக் கதவைத் திறந்து மூடும் சின்னப் பிள்ளைக்கு ட்ராப்பர் என்று ஒரு பெயர். 1850 இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அரசாங்கப் பரிசோதகர்கள் சுரங்கங்களுக்குள் இறங்கினார்கள். அவர்களுடைய வருடாந்த அறிக்கைகளில் எந்தத் திகதி, எந்தச் சுரங்கம், செத்தவர் யார், எப்படிச் செத்தார் என்று அட்டவணை போடப்பட்டிருக்கிறது. டர்ஹாம் சுரங்க அருங்காட்சியகம் போன்ற இடங்களில் ஆர்வலர்கள் இவற்றைப் பெயர் பெயராகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

அங்கேயும் தேடுவது லேசில்லை. வேல்ஸில் ஒரே ஊரில் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் என்று நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். ஒரு காலத்தில் அவர்களும் எங்களைப் போல அப்பாவின் பெயரையே பின்னால் வைத்தவர்கள். அந்தப் பெயர்களே பிறகு குடும்பப் பெயர்களாக இறுகிவிட்டன. அதனால் தொழிலையோ வீட்டையோ வைத்துப் பட்டப்பெயர் சொல்லித்தான் ஆளை அடையாளம் காண்பார்கள். எங்கட ஊரிலும் 'கடையடி' செல்வராசாவையும் 'கிணத்தடி' செல்வராசாவையும் அப்படித்தானே பிரிக்கிறோம்.

ஆனால் வாசிக்க வாசிக்கப் பொறாமை போய்விட்டது. அந்த அட்டவணைகளை யாரும் அன்பளிப்பாகத் தரவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

1838 யூலை 4, யோர்க்ஷயரில் ஹஸ்கர் சுரங்கம். பெருமழையில் கொதிகலனின் நெருப்பு அணைந்து, ஆட்களை மேலே தூக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. உள்ளே இருந்த பிள்ளைகள் பக்கத்துச் சரிவுப் பாதையால் வெளியேறப் பார்த்தார்கள். நிரம்பி வழிந்த ஓடை அந்தப் பாதைக்குள் பாய்ந்தது. பின்னால் இருந்த கதவைத் தண்ணீரின் அழுத்தம் திறக்க விடவில்லை. 26 பிள்ளைகள் செத்தார்கள். ஆக இளையவருக்கு வயது 7. சில்க்ஸ்டோன் தேவாலய முற்றத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது. பெயர்கள் இருக்கின்றன, வயது இருக்கிறது. கூடவே, இடியையும் மழையையும் அனுப்பியவர் ஆண்டவர் என்ற பொருளில் எழுத்தும் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையை நிலத்துக்குக் கீழே அனுப்பியது யார் என்று அந்தக் கல் கேட்கவில்லை. அதைக் கேட்க ஓர் அரசாங்க ஆணைக்குழு வேண்டியிருந்தது. 1842 இல் பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த பையன்களும் நிலத்தடியில் வேலை செய்வது தடை செய்யப்பட்டது.

1862 ஜனவரியில் ஹார்ட்லி சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து சுரங்க வாய்க்குள் விழுந்தது. அந்தச் சுரங்கத்துக்கு இருந்ததே ஒரு வாய்தான். 204 பேர் செத்தார்கள். அந்த வருசமே, சுரங்கத்துக்கு வெளியேற இரண்டு வழி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. வெறும் 'விபத்து' என்று எழுதிவிட்டு மூடியிருந்தால் அந்த இரண்டாவது வழி வெட்டப்பட்டிருக்காது என்பது எங்கள் எண்ணம்.

காரணத்தை எழுதினால் மட்டும் போதுமா? வேல்ஸின் செங்ஹெனித் போதாது என்கிறது. 1901 இல் அந்தச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்து 81 பேர் செத்தார்கள். 1913 ஒக்டோபர் 14 காலை மறுபடியும் வெடித்தது. இந்த முறை 439 தொழிலாளர்கள், பிறகு மீட்கப் போன ஒருவர். பதினாலு வயதுப் பையன்களும் அதில் இருந்தார்கள். பிரித்தானியாவின் மிகப் பெரிய சுரங்க விபத்து இன்றைக்கும் அதுதான். காற்றோட்ட விசிறியைத் திருப்பிச் சுழற்றும் வசதி அந்த வருசத்துக்குள் வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தது. கொடுத்த தவணையும் தாண்டிவிட்டது. வசதி செய்யப்படவில்லை. விசாரணை நடந்தது, குறைகள் பதிவாயின. முடிவில் மனேஜருக்கு 24 பவுண் தண்டம், கம்பனிக்கு 10 பவுண். அந்த 24 பவுணை 439 ஆல் பிரித்துப் பாருங்கள். ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு பென்னியும் சொச்சமும் வரும். அப்போதே ஓர் உள்ளூர்ப் பத்திரிகை இந்தக் கணக்கைத் தலைப்பாகவே போட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய வெடிவிபத்துகளுக்குத்தான் நினைவுக்கல் இருக்கிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டுச் சுரங்கங்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் ஒருவர் இருவராக, கூரை இடிந்தும் கரி வண்டியில் அடிபட்டும். அவர்களுக்குப் பத்திரிகையில் நாலு வரி, பரிசோதகரின் அட்டவணையில் ஒரு வரி. இன்றைக்குப் பூட்டன் எப்படிச் செத்தார் என்று தேடுகிற ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். எங்கள் தோழியின் பூட்டனுக்கு அந்த ஒரு வரியும் கிடைக்கவில்லை.

முன்னோரைத் தேடுவது இப்போது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. எச்சிலைக் குப்பியில் அனுப்பினால் நீங்கள் எத்தனை வீதம் எந்த இனம் என்று சொல்லக் கம்பனிகள் இருக்கின்றன. நாங்கள் ஆர், எந்தப் பரம்பரை என்று பெருமைப்படத் தேடுகிறவர்களும் நிறைய. அது பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் உழைத்துச் செத்தவர்களின் பிள்ளைகள் தேட வேண்டியது அது மட்டுமில்லை என்கிறோம். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'மரணக் காரணம்' என்ற கட்டத்தையும் தேட வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது, எழுதியது யார், அதற்குப் பதில் சொன்னது யார் என்று பார்க்க வேண்டும்.

"நூறு வருசத்துக்குப் பிறகு தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?" என்று எங்கட பட்ச் பெடியன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்கள் பதில் அபர்வான்.

1966 ஒக்டோபர் 21. வேல்ஸின் அபர்வான் கிராமத்துக்கு மேலே குவித்திருந்த சுரங்கக் கழிவு மலை, சரிந்து பாடசாலையின் மேல் விழுந்தது. 116 பிள்ளைகள், 28 பெரியவர்கள். கழிவைக் கொட்டிய இடத்தின் அடியில் நீரூற்று இருந்தது. ஆபத்து என்று ஊரவர் முன்பே முறையிட்டிருந்தார்கள். மரண விசாரணையில் ஒரு பிள்ளையின் பெயரை வாசித்து, மூச்சுத்திணறல் என்று காரணம் சொன்னபோது தகப்பன் எழுந்து மறுத்தார். தேசிய நிலக்கரிச் சபையால் உயிரோடு புதைக்கப்பட்டது என்று எழுதச் சொல்லிக் கேட்டார். அப்படி எழுதவில்லை. பிறகு வந்த விசாரணை மன்றம் சபையைத்தான் குற்றம் சாட்டியது. ஆனாலும் ஒருவர்மீதும் வழக்கில்லை. மிச்சக் கழிவை அகற்ற, சனம் அனுப்பிய உதவி நிதியிலிருந்தே 150,000 பவுண் எடுத்தார்கள். ஊரவர் விடவில்லை. 1997 இல் அந்தக் காசு திரும்பி வந்தது, வட்டி இல்லாமல். 2007 இல் வேல்ஸ் அரசாங்கம் மேலும் கொடுத்தது. நாற்பது வருசம். பழைய விசயம் என்று விட்டிருந்தால் அதுவும் வந்திருக்காது.

அபர்வானை வாசித்த இரவு எங்களுக்கு மீரியபெத்தை நினைவுக்கு வந்தது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தையில் லயங்களின் மேல் மலை சரிந்தது. அபர்வானில் பாடசாலையில் இருந்த பிள்ளைகள் செத்தார்கள். இங்கே பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பி, திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. இங்கேயும் முன்பே எச்சரிக்கை இருந்தது. ஆனால் புதைந்தவர்கள் எத்தனை பேர் என்பதே பல நாட்கள் குழப்பமாக இருந்தது. முதலில் நூறைத் தாண்டிச் சொன்ன எண்ணிக்கை பிறகு குறைந்துகொண்டு போனது. இந்த நூற்றாண்டில், அடையாள அட்டையும் வாக்காளர் இடாப்பும் இருக்கும் காலத்தில், எண்ணிக்கைக்கே இந்தப் பாடு என்றால், தோட்டம் திறந்த காலத்தில் ரோட்டு வெட்டிச் செத்தவரின் பெயருக்கு எங்கே போவது?

எங்கள் தோழி கடைசியில் தன் அசைன்மென்டில் ஓர் அட்டவணை போட்டாள். அந்தச் சுரங்க அறிக்கைகளில் இருப்பது போலவே திகதி, இடம், பெயர், வேலை, காரணம். திகதிக்கு நேரே 'பதியப்படவில்லை' என்று எழுதினாள். காரணத்துக்கு நேரே அப்பாயி சொன்ன வசனத்தை, அவ சொன்ன சொல்லிலேயே, மாற்றாமல் எழுதினாள். இந்த விடுமுறையில் அதே தோட்டத்தில் வேறு வயதானவர்களிடமும் கேட்கப் போகிறாளாம். எங்களில் மூன்று பேர் கூடப் போகிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வசனம் சொல்ல ஆள் இருந்தால், இந்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு கொப்பியும் கொண்டு போங்கோ.