கயிற்றைப் பிடிப்பவன் யார்?

விடுமுறை நாள்களில் பாறையேறச் செல்லும் இளைஞரைக் கடிந்துகொள்ள நமக்கு மனமில்லை. பாப்பரசர் 11-ஆம் பத்திநாதரே 1889-இல், இளங்குருவாயிருந்தபோது, மோந்தே ரோசா மலையின் செங்குத்தான கிழக்கு முகத்தில் ஏறி, குறுகிய பாறை விளிம்பில் ஓர் இரவைக் கழித்தவர்.

ஆயினும் நமக்கு அண்மையிலுள்ள நீலகிரிக் குறும்பரிடம் கற்க வேண்டியதொன்று உண்டு. காட்டுக்கொடியால் ஏணி முறுக்கி, புகை மூட்டி, மலைத்தேனுக்காக ஒருவன் அந்தரத்தில் இறங்குகையில், மேலே கொடியைக் காப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தான். தன் சகோதரி கைம்பெண்ணாவதை அவன் பொறுக்கமாட்டான் அன்றோ!

சென்ற மாதம் குன்னூர்ப் பக்கம் ஏறப் புறப்பட்ட நம் கோவை இளைஞர்கள், கயிற்றின் நீளத்தையும் விலையையும் உடனே கூறினர். பிடிப்பவன் யாரென்று வினவினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர்.