தொலைவு ஒன்று, நேரம் இரண்டு

இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். போகும்போதும் திரும்பும்போதும் அது மாறுவதில்லை. ஆயினும் இலண்டனிலிருந்து மேற்கே செல்லும் விமானத்திற்கு ஏறக்குறைய எட்டு மணி நேரமும், நியூயார்க்கிலிருந்து கிழக்கே வரும் விமானத்திற்கு ஏழு மணி நேரமும் கால அட்டவணையில் ஒதுக்கப்படுகின்றன. இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது?

பூமியின் சுழற்சியே காரணம் என்பார் பலர். வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அவர்கள் கூற்றுப்படி, மேற்கே செல்லும் விமானத்தை நோக்கி நியூயார்க் நகரமே எதிர்கொண்டு வரவேண்டும், பயணமும் குறையவேண்டும். நடப்பதோ நேர்மாறு. ஓடும் இரயில் பெட்டிக்குள் முன்னோக்கி நடந்தாலும் பின்னோக்கி நடந்தாலும் ஒரே நேரந்தான் ஆகும் அல்லவா? அதுபோலவே, பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்து சுழல்வதால் விமானம் ஒரு திசையில் முந்துவதுமில்லை, மறு திசையில் பிந்துவதுமில்லை.

உண்மைக் காரணம் காற்றோட்டம். தரைக்கு மேல் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பெருங்காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் பாய்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் விமானத்தை 150 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், பயணம் 7 மணி 24 நிமிடம். பின்னிருந்து தள்ளினால் 5 மணி 17 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 12 மணி 41 நிமிடம். காற்றே இல்லாவிடில் போக வர 12 மணி 20 நிமிடமே ஆகும். வரும்போது கிடைத்த ஆதாயம் போகும்போது நேர்ந்த இழப்பை ஈடுகட்டவில்லை என்பது வியப்பே!

தொடக்க காலத்தில் காற்று உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு, இடையில் எங்கும் இறங்காமல், ஏறத்தாழ 16 மணி நேரத்தில் பறந்தனர். அவர்களுக்குக் காற்று துணை நின்றது. எதிர்த்திசையில் விமானம் வெற்றியுடன் கடக்க மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1927 மே 8-இல் பாரிசிலிருந்து நியூயார்க் நோக்கிப் புறப்பட்ட நன்ஜெசர், கோலி என்னும் பிரெஞ்சு வீரர் இருவரும் திரும்பவேயில்லை. பன்னிரண்டு நாள் கழித்து நியூயார்க்கிலிருந்து கிளம்பிய லிண்ட்பர்க், முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் பாரிசு சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். 1928 ஏப்ரலில் அயர்லாந்திலிருந்து மேற்கே பறந்த மூவரும், எண்ணிய நியூயார்க்கை எட்டாமல், கனடாவின் கிரீன்லி என்ற சிறு தீவில்தான் இறங்க முடிந்தது.

இன்று நாள்தோறும் காற்றின் போக்கைக் கணித்தே வான்வழி வகுக்கப்படுகிறது. மேற்கே செல்வோர் அவ்வான் ஆற்றை விலகிச் செல்வர்; கிழக்கே வருவோர் அதை நாடி ஏறிக்கொள்வர். 2020 பிப்ரவரியில் புயற்காற்று உந்த, நியூயார்க்கிலிருந்து வந்த விமானமொன்று 4 மணி 56 நிமிடத்தில் இலண்டனை அடைந்தது. தரையை நோக்க அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. எனினும் அது ஒலியை முந்திவிடவில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றினூடே அது வழக்கமான வேகத்திலேயே பறந்தது.