விளையாட்டுச் சபையும் மெய்ச் சபையும்

"புதிய சட்டம் வந்துவிட்டதாம்" என்று நம்மவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மழை வந்தது, வெள்ளம் வந்தது என்பது போலவே சட்டமும் வந்தது என்கிறோம். சட்டம் வானத்திலிருந்து இறங்குவதன்று. அதனை ஒருவர் எழுதுகிறார், சிலர் விவாதிக்கின்றனர், பலர் வாக்களிக்கின்றனர். இவையெல்லாம் நடைபெறும்வேளையில் வாளாவிருந்துவிட்டு, பயிர் மூழ்கியபின் வாய்க்கால் வெட்டப் புறப்படுபவனைப் போல நாம் அலைவதேன்? சட்டமாக்கும் தொழில் நமக்குப் பழக்கமில்லாததே காரணம் என்பது எமது துணிபு.

இத்தொழிலை விளையாட்டாகவே பழகும் ஒரு கூட்டம் உலகில் உண்டு. அவுஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பாரி என்பார், தமது நாவலொன்றுக்கு விளம்பரமாக 2002 நவம்பரில் இணையத்தில் 'நேஷன்ஸ்டேட்ஸ்' என்னும் விளையாட்டைத் தொடக்கினார். எவரும் அதிலே ஒரு கற்பனை நாட்டை அமைத்து ஆளலாம். அந்நாடுகள் கூடிச் சட்டமியற்றுவதற்கு ஒரு சபையும் உண்டு. முதலில் அதற்கு ஐக்கிய நாடுகள் என்றே பெயர். மெய்யான ஐக்கிய நாடுகள் நிறுவனம் ஆட்சேபித்ததால், 2008இல் அது உலகப் பேரவை எனப் பெயர் மாறிற்று. விளையாட்டுக்கும் வழக்கு வந்த விந்தை இது!

சிறுபிள்ளை வேளாண்மை என்று நகைப்போர் அதன் விதிகளைச் சற்று நோக்குக. ஒருவர் எத்தனை நாடுகளையும் ஆக்கலாம். பேரவையிலோ அவருக்கு ஒரே நாடுதான் இருக்கலாம். தீர்மானமொன்றைக் கொண்டுவர விரும்புபவர் குறைந்தது இரண்டு உறுப்பு நாடுகளின் ஆதரவைப் பெற்றிருத்தல் வேண்டும். பின்னர், பிராந்தியங்களின் பேராளருள் நூற்றுக்கு ஆறு பேர் அதற்குச் சம்மதம் தரவேண்டும். அதன்பின்னரே நான்கு நாட்கள் வாக்களிப்பு நடைபெறும். நிறைவேறினால் உறுப்பு நாடுகள் அனைத்தையும் அது கட்டுப்படுத்தும். தீர்மானம் சபையின் விதிகளுக்கு அமைவானதா என்று தீர்ப்பளிக்க ஆட்டக்காரரே அடங்கிய குழுவொன்றும் உண்டு. விளையாட்டே எனினும் ஒழுங்குள்ள விளையாட்டு இது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய முதற் பாடம், வாக்களிக்குமுன் வாசித்தல் என்பது. பேரவையில் அனுபவமுள்ளோர் தமது வரைவைப் பலர் பார்வைக்கு வைத்து, குறை கேட்டு, திருத்தி, மீண்டும் வைப்பது வழக்கம். எதிராளியே பிழையைக் காட்டிக்கொடுப்பான். எழுதியவனும் நன்றி கூறித் திருத்திக்கொள்வான். மெய்யான நாட்டின் கதை எப்படி? 2010 செப்ரெம்பரில் அரசியலமைப்பின் 18ஆம் திருத்தம் அவசர சட்டமூலமாகக் கொண்டுவரப்பட்டது. அவ்வாறான மூலத்தைப் பரிசீலிக்க உயர் நீதிமன்றத்துக்கு அன்றிருந்த அவகாசம் 24 மணி நேரம். மிஞ்சினால் மூன்று நாட்கள். சனாதிபதிப் பதவிக்கு இருந்த இரு தவணை வரம்பை நீக்கிய அத்திருத்தம் 161 வாக்குகளுக்கு 17 என்ற கணக்கில் ஒரே நாளில் நிறைவேறிற்று. விளையாட்டில் நான்கு நாள். நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்கு ஒரு நாள்! எது விளையாட்டு, எது வினை என்று எவர்தாம் ஐயுறார்?

கமக்காரருக்கு இதனிலும் கசப்பான அனுபவம் உண்டு. இரசாயனப் பசளை இறக்குமதியை 2021 மே மாதத்தில் தடுத்தது பாராளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய புதிய சட்டமன்று. வர்த்தமானி அறிவித்தல் ஒன்றே. நெல் விளைவிப்பவனிடம் ஒரு சொல் கேட்டாரில்லை. அவ்வாண்டு நவம்பரிலே தடையைத் தளர்த்தவேண்டியதாயிற்று. ஆயினும் பெரும்போகம் அரசாங்கத்தின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்குமா? விளைச்சல் வீழ்ந்தது, நட்டம் வயலிலே நின்றவன் தலையில் விழுந்தது.

இரண்டாவது பாடம் சொல்லைப் பற்றியது. அவ்வுலகப் பேரவையில் நிறைவேறிய தீர்மானத்தைத் திருத்த வழியில்லை. ஒரு சொல் பிழைத்தாலும் முழுவதையும் நீக்கி, புதிதாக எழுதி, மீண்டும் வாக்கெடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அங்கு வளர்ந்திருக்கிறது. 'வேண்டும்' என்பதற்கும் 'இயலும்' என்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு! 'இயலும்' என்று எழுதப்பட்ட உரிமை, அமைச்சர் விரும்பினால் கிடைப்பது. 'வேண்டும்' என்று எழுதப்பட்டதே கேட்டுப் பெறத்தக்கது. காணி உறுதியில் எல்லை ஒரு முழம் பிசகினால் பரம்பரை பரம்பரையாக வழக்காடும் நாம், நம்மை ஆளும் சட்டத்தில் ஒரு சொல் பிசகுவதைக் காணாதிருக்கலாமா?

இனி அச்சபையின் குறையையும் மறைக்காமற் கூறுவோம். பேராளர் ஒருவருக்குத் தமது வாக்கோடு, தமக்கு ஆதரவளித்த உறுப்பு நாடுகளின் தொகைக்கேற்ற வாக்குகளும் சேரும். பெரிய பிராந்தியத்தின் பேராளர் முதல் நாளிலேயே வாக்கைப் போட்டதும், எப்பக்கம் பாரம் கூடுகிறதோ அப்பக்கமே பலர் சாய்ந்துவிடுவதுண்டு. வாசித்துச் சிந்தித்து வாக்களிக்கும் சிறிய நாட்டின் குரல் அவ்விரைச்சலில் அமிழ்ந்துபோகிறது. பெரும்பான்மையின் போக்கு விளையாட்டிலும் ஒன்றே!

ஆனால் அங்கே தோற்றவனுக்கு ஒரு வழி உண்டு. எந்த உறுப்பு நாடும் எந்நேரமும் பேரவையை விட்டு விலகலாம். விலகினால் அதன் சட்டம் அந்நாட்டைத் தீண்டாது. மெய்யான நாட்டில் தோற்ற சிறுபான்மைக்கு அவ்வழி ஏது? அது தோற்ற சட்டத்தின் கீழேயே உழவேண்டும், உத்தியோகம் பார்க்கவேண்டும், பிள்ளைகளைப் படிப்பிக்கவேண்டும். ஆகவேதான் மெய்ச் சபையில் பெரும்பான்மைக்குக் கடிவாளம் வேண்டும் என்கிறோம்.

அக்கடிவாளம் இங்கே என்னவாயிற்று? எச்சமூகத்தவர்க்கும் பிறருக்கில்லாத இடர்ப்பாட்டை விதித்தலாகாது எனச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறிற்று. அப்பிரிவு இருக்கும்போதே, 1948இலும் 1949இலும் இயற்றிய சட்டங்களால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1953இல் பிரித்தானியப் பிரிவி கவுன்சில் அச்சட்டங்கள் செல்லும் என்றது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சில பிரிவுகளே கொண்ட அச்சிறிய சட்டத்தின் சுமையைத் தலைமுறைகள் சுமந்தன. 1971இல் மூதவை ஒழிந்தது. 1972இல் 29ஆம் பிரிவே இல்லாதொழிந்தது. எண்ணிக்கையொன்றே நீதியாகும் சபையில் சிறுபான்மைக்கு நேர்வது இதுதான்.

"பொம்மைச் சபையில் பேசிப் பழகினால் பசி தீருமா?" என்று கேட்பர் சிலர். தீராது. அங்கே வாக்களிப்பவனுக்கு வயலுமில்லை, வரியுமில்லை. தவறான தீர்மானத்தால் எவன் அடுப்பும் அணைவதில்லை. அதனாலேயே அது பயிற்சிக்கூடம் மட்டுமே என்கிறோம். நீச்சலைக் கேணியிலே பழகியவன் கடலை வென்றவனல்லன். ஆயினும் பழகாதவனிலும் அவன் தப்பிப் பிழைப்பான் அல்லவா?

பழகவேண்டிய அவசியம் ஏனையோரிலும் நமக்கே பெரிது. இந்நாட்டின் அரசியலமைப்புப்படி, சட்டமூலமொன்று பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பின்னர், அதனை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கக் குடிமகனுக்குள்ள தவணை மிகக் குறுகியது. அது சட்டமாகிச் சபாநாயகரின் சான்றையும் பெற்றுவிட்டால், அதன் செல்லுந்தன்மையை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்கிறது 80ஆம் உறுப்புரை. அந்தச் சில நாட்களைத் தூங்கிக் கழித்தவனுக்குப் பின்னர் நீதிமன்றப் படியுமில்லை. மூலம் வெளிவந்த அன்றே வாசிப்பவனுக்கே உரிமை மிஞ்சும்.

ஆகவே நாம் வேண்டுவது இது. ஊர் வாசிகசாலைகளிலும் கமக்காரர் அமைப்புகளிலும் மாதம் ஒருமுறை சபை கூடட்டும். கற்பனைத் தீர்மானம் வேண்டாம். வர்த்தமானியில் வெளிவரும் மெய்யான சட்டமூலமொன்றின் தமிழ்ப் பிரதியையே எடுத்துக்கொள்ளட்டும். நியாயவாதி அதன் பிரிவுகளை விளக்கட்டும். அது வயலுக்கு வந்தால் என்னவாகும் என்று கமக்காரர் சொல்லட்டும். ஆசிரியரும் வைத்தியரும் எதிர்க்கட்சியாக இருந்து வினவட்டும். இறுதியில் வாக்கெடுத்து, முடிவையும் நியாயங்களையும் எழுதித் தம் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பட்டும். கொழும்பில் எப்பக்கம் வாக்களித்தீர், ஏன் அளித்தீர் என்று அவர் ஊருக்குத் திரும்பும்போது கேட்கட்டும்.

கேள்வி கேட்கத் தெரிந்த ஊரின் உறுப்பினர் வாசியாமல் வாக்களிக்கத் துணியார். இல்லாத நாடுகளுக்காகச் சட்டங்களைச் சொல் சொல்லாக வாசிக்கும் மனிதர் உலகில் இருக்கின்றனர். இருக்கும் நாட்டிலே, நம் தலைமேல் இறங்கவிருக்கும் சட்டத்தை நாம் வாசியாதிருப்பது தகுமா?