முந்துவதா, முற்றுவதா?

தேர்வறையில் எல்லாருக்கும் முன்பாக விடைத்தாளை நீட்டிவிட்டு வெளியேறும் மாணவர் ஒருவர் எல்லா வகுப்பிலும் இருப்பார். அந்த விரைவுக்காக எந்த ஆசிரியரும் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போடுவதில்லை. ஆனால், வணிகம் பற்றி எழுதுவோர் மட்டும் 'சந்தைக்கு முந்தியவனே வெல்வான்' என்று ஓயாமல் ஓதிக்கொண்டிருக்கின்றனர். வீடியோ விளையாட்டுக் கருவிகளின் வரலாறு இக்கூற்றுக்கு நேர்மாறான சான்றுகளையே நம்முன் வைக்கிறது.

ஜப்பானிய நிறுவனமான சேகா, 1994 நவம்பரில் அமெரிக்காவில் '32எக்ஸ்' என்னும் கருவியை விற்பனைக்கு விட்டது. தங்களிடமுள்ள ஜெனசிஸ் கருவியின்மேல் இதனைப் பொருத்தினால் போதும், புதிய தலைமுறை ஆட்டங்களை ஆடலாம் என்று நம்பிப் பலர் வாங்கினர். ஆறே மாதங்கள்! 1995 மே 11-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் இ3 கண்காட்சியில், சாட்டர்ன் என்னும் முற்றிலும் புதிய கருவி அன்றே கடைகளில் கிடைக்கும் என்றும் விலை 399 டாலர் என்றும் சேகா அறிவித்தது. முன்னர்க் குறித்திருந்த நாளோ செப்டம்பர் 2. சோனியின் பிளேஸ்டேஷன் செப்டம்பர் 9 அன்று வரவிருந்தது. அதனை முந்தவே இத்தனை பதற்றம்.

பதறிய காரியம் சிதறியது. தேர்ந்தெடுத்த சில கடைகளுக்கே சரக்குப் போயிற்று. விடுபட்ட கே.பி. டாய்ஸ் நிறுவனம் வெகுண்டு, சாட்டர்னை விற்கவே மறுத்தது. செப்டம்பரை நம்பி உழைத்துக்கொண்டிருந்த பிற நிறுவனங்களின் ஆட்டங்கள் ஆயத்தமாகவில்லை. அதே கண்காட்சியில் சோனி தன் விலையை அறிவித்தது: 299 டாலர். நான்கு மாதங்கள் முந்தியும் சேகாவுக்கு என்ன பயன்?

32எக்ஸ் கருவியை வாங்கியோர் கைவிடப்பட்டனர். பின்னர்ச் சாட்டர்ன் வாங்கியோருக்கும் அதே கதி. இந்நிலையில்தான் 1999 செப்டம்பர் 9 அன்று சேகாவின் டிரீம்காஸ்ட் அமெரிக்காவுக்கு வந்தது. விலை 199 டாலர்; இணைய இணைப்புக்கான மோடம் உள்ளேயே இருந்தது; நல்ல ஆட்டங்களும் இருந்தன. பிளேஸ்டேஷன் 2 அங்கு வருவதற்கு இன்னும் 13 மாதங்கள் இருந்தன. இருந்தும் 2001 சனவரியில் டிரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாகச் சேகா அறிவிக்க நேர்ந்தது. டிவிடி படம் பார்க்கும் வசதியும் பழைய ஆட்டங்களை ஆடும் வசதியும் பிளேஸ்டேஷன் 2-க்குத் துணை நின்றது உண்மையே. ஆயினும், இருமுறை சூடுபட்டவர்கள் மூன்றாம் முறை கைநீட்டத் தயங்கியதில் வியப்பென்ன? பதின்மூன்று மாத முந்தலால் இழந்த நம்பிக்கையை மீட்க இயலவில்லை.

"மைக்ரோசாப்ட் முந்தி வென்றதே!" என்று சிலர் வாதிடுவர். எக்ஸ்பாக்ஸ் 360, 2005 நவம்பரில், பிளேஸ்டேஷன் 3-க்கு ஓராண்டு முன்பே வந்து நல்ல இடத்தைப் பிடித்தது, மறுக்கவில்லை. ஆனால், சிவப்பு விளக்கு எரிந்து செயலிழந்த கருவிகளைப் பழுதுபார்க்க 2007-இல் அந்நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியிருந்ததையும் அவர்கள் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? அவ்வளவு பெரிய தொகையைத் தாங்கும் செல்வம் அதனிடம் இருந்தது. சேகாவிடம் இல்லை.

மறுபுறம் நிண்டெண்டோவைப் பாருங்கள். தன் சுவிட்ச் கருவியை 2016-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் திணிக்கவில்லை. எல்லாரும் குறிவைக்கும் அந்தப் பருவத்தை விட்டுவிட்டு, 2017 மார்ச் 3-இல் வெளியிட்டது. செல்டா வரிசையின் புதிய ஆட்டமும் அன்றே உடன் வந்தது. போட்டிக் கருவிகள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சந்தையில் வேரூன்றியிருந்தும், சுவிட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது.

முதல் நாள் வரிசையில் நின்று வாங்குபவரே மிகுந்த விலை கொடுக்கிறார்; மிகக் குறைந்த ஆட்டங்களைப் பெறுகிறார்; பழுதுகளையும் அவரே முதலில் சுமக்கிறார். அப்படி நம்பி வந்தவரைப் போட்டியாளனை முந்துவதற்கான படிக்கல்லாக்குவது அறமன்று, நல்ல வணிகமுமன்று. ஆட்டங்கள் ஆயத்தமா, சரக்குப் போதுமா, முன்பு வாங்கியவருக்குக் கொடுத்த வாக்குக் காக்கப்பட்டதா என்று பார்த்தே வெளியீட்டு நாளைக் குறிக்க வேண்டும்.

திருக்குறளில் 'காலமறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. 'முந்துதல்' என்றோர் அதிகாரம் இல்லை. சிந்திப்போம்.