படமெடுக்கும் பாம்பைப் படமெடுக்கலாமா?

பாம்பும் படமெடுக்கிறது, நாமும் படமெடுக்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் ஒரு வித்தியாசம். பாம்பு பயம் வந்தால் படமெடுக்கும்; நாம் பயம் விட்டுப் போனால் படமெடுக்கிறோம்.

முன்பெல்லாம் கிணற்றடியில் பாம்பு என்று குரல் கேட்டால் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடி வருவார்கள். இப்போது செல்போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுகிறார்கள். ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடிப் பக்கத்துத் தாய்மார்களுக்கு இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. அந்த வறண்ட பூமி சுருட்டை விரியனுக்குப் பிடித்தமான இடம். ஒரு முழ நீளம் இருந்தாலே அதிகம். கல்லிடுக்கிலும் வேலி ஓரத்திலும் மண்ணோடு மண்ணாகச் சுருண்டு கிடக்கும். சிறிசுதானே என்று கிட்டப் போனால் ஆபத்து, விஷம் பொல்லாதது.

குழந்தைக்குப் பாம்பைப் படமெடுக்கத்தான் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால் என்ன செய்வது? அதட்டி உட்கார வைத்தால் நாம் பார்க்காதபோது போய் எடுப்பான். அதைவிடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எடுக்கச் சொல்லிக் கொடுங்கள். ஆசையும் தீரும், பாம்பின் முகமும் மனத்தில் பதியும்.

அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும். ராமேஸ்வரத்தில் மாலை ரயிலில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. உறவினர் கல்யாணத்துக்கோ லீவுக்கோ போகும்போது ஒரு காலை வேளையைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கு ஒதுக்குங்கள். ரோமுலஸ் விட்டேகர் என்பவர் 1972-ல் ஆரம்பித்து வைத்தது. பக்கத்திலேயே சிறுவர் பூங்கா. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள். வண்டலூர் மிருகக்காட்சி சாலையிலும் பாம்புகளைக் காணலாம்.

முதலில் கை பழக வேண்டுமானால் ஊர்ப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிச்சாலை உண்டு. அங்கே கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீன்களை எடுத்துப் பாருங்கள். திறந்திருக்கும் நாளை மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள். மீனைப் பிடித்துவிட்டால் பாம்பு சுலபம். அது பாட்டுக்கு ஒரே இடத்தில் கிடக்கும்.

சிரமமெல்லாம் கண்ணாடியால்தான். ரயிலில் குளிர்சாதனப் பெட்டியில் இரவுப் பிரயாணம் செய்திருப்பீர்கள். உள்ளே விளக்கு எரியும்போது ஜன்னலில் வெளியுலகம் தெரியாது. நம் முகம்தான் தெரியும். இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்து, முகத்தை ஜன்னலோடு ஒட்டி வைத்தால், வெளியே போகிற மரமும் விளக்கும் தெரியும். கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பாம்புக் கூண்டுக்குள் இருட்டு, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் என்றால், அந்த எட்டுப் பங்கே பாம்பை மறைத்துவிடும். ஆகவே ரயில் ஜன்னல் வைத்தியத்தையே இங்கேயும் செய்யுங்கள். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து, காமிராவின் லென்ஸை நேராக அதன்மேல் ஒட்டினாற்போல் வையுங்கள். சாய்த்துப் பிடித்தால் கனத்த கண்ணாடியில் உருவம் மங்கும். பின்னாலிருந்து யாராவது ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தால் இன்னும் விசேஷம்.

உடையிலும் கொஞ்சம் கவனம் தேவை. ஜரிகை போட்ட மஞ்சள் பட்டுப் புடவையில் போனால், நாகத்தின் தலைக்கு மேல் உங்கள் முந்தானை மின்னும். கறுநீலமோ பழுப்போ கட்டிக்கொள்ளுங்கள்.

காமிராவுக்கும் ஒரு அசட்டுத்தனம் உண்டு. பாம்பை விட்டுவிட்டுக் கண்ணாடியில் உள்ள கீறலைத் தெளிவாக எடுத்து வைக்கும். செல்போன் திரையில் பாம்பின் கண் தெரியும் இடத்தை விரலால் தொட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். கண் தெளிவாக இருந்தால் படம் உயிரோடு இருக்கும். நாக்கு வெளியே வரும்வரை பொறுத்தால் இன்னும் அழகு. எடுப்பதற்கு முன் பெயர்ப் பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்ததும் எது எந்தப் பாம்பு என்று குடும்பத்தில் பட்டிமன்றம் நடக்கும்.

இரண்டு காரியங்களைச் செய்யவே கூடாது.

முதலாவது, பிளாஷ். அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படத்தின் நடுவே வெள்ளைத் தீப்பந்தமாக நிற்கும். அது நமக்கு நஷ்டம். பாம்புக்கோ இமையே கிடையாது; கண்ணை மூடிக்கொள்ள முடியாது. இமைக்குப் பதிலாகக் கண்ணின்மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் இருக்கிறது. சட்டை உரிக்கும் சமயத்தில் அந்தச் செதில் பாலாடை படிந்தாற்போல் மங்கிவிடும். அப்படி மங்கிய கண்ணோடு ஒரு பாம்பைப் பார்த்தால், பாவம், அதற்குப் பார்வை சரியில்லை என்று அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாவது, கண்ணாடியைத் தட்டுவது. நாகம் படமெடுக்கட்டும் என்று தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆனால் அதிர்வு உடம்பெல்லாம் தெரியும். பயந்துபோய்த்தான் எழுந்து படத்தை விரிக்கிறது. பாய்ந்து கண்ணாடியில் மோதினால் மூக்கு புண்ணாகும். ஓடி ஒளிய இடமில்லாத ஜீவனை வேண்டுமென்றே மிரட்டலாமா? நம் குழந்தை தட்டினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பொறுத்து நிற்கிறவனுக்குத்தான் நல்ல படம் கிடைக்கும் என்று சொல்லுங்கள்; அது பொய்யல்ல. கூட்டமில்லாத வாரநாளில் காலையிலேயே போனால் பொறுமை காட்டுவதும் சுலபம்.

வீடு திரும்பியதும் படங்களைச் செல்போனிலேயே தூங்கவிடாதீர்கள். நான்கு பாம்புகளின் படத்தை அச்சுப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். விரித்த படத்தில் மூக்குக்கண்ணாடி அடையாளம் உள்ளது நல்ல பாம்பு. பளபளக்கும் கருப்பில் மெல்லிய வெள்ளை வரிகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக இருந்தால் கட்டுவிரியன். உடம்பு நெடுக மூன்று வரிசை முட்டைவடிவத் திட்டுகளோடு, குக்கர் விசில்போல் சீறுவது கண்ணாடி விரியன். செதிலோடு செதில் உரசி, ரம்பம் அறுக்கிற சத்தம் போடுவது சுருட்டை விரியன்.

பக்கத்திலேயே சாரை, மண்ணுளிப் பாம்பு, வெள்ளிக்கோல் வரையன் படங்களையும் ஒட்டுங்கள். மூன்றும் விஷமில்லாதவை. சாரையை நாகம் என்றும், மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்றும், வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்றும் நினைத்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். ஆனாலும் சந்தேகம் வந்தால் விஷப்பாம்பு என்றே வைத்துக்கொண்டு விலகுங்கள். கட்டுவிரியன் இரவில் உலவுவது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் இருக்கும். குழந்தைகளைக் கட்டிலில் படுக்க வைத்து, கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிவிடுவது நல்ல காவல்.

கடற்கரைக் குடும்பங்களுக்கு இன்னொரு வார்த்தை. ராமேஸ்வரம், மண்டபம் கரைகளில் வலையோடு கடல் பாம்பு வருவது உண்டு. வால் துடுப்புப்போல் தட்டையாக இருந்தால் அது கடல் பாம்புதான். துவண்டு கிடக்கிறதே என்று தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்க விடாதீர்கள். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்காகத் தயாரித்தது. கடல் பாம்பின் விஷத்துக்கு அது வேலை செய்யாது. கடித்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும். மூச்சு நிற்காமல் காப்பாற்ற அங்கேதான் வசதி.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர்கள். அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இருக்கிறது. பரம்பரையாகப் பாம்பு பிடிக்கும் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பின் அருகே போகிற உரிமை அப்படிப்பட்டவர்களுக்குத்தான்.

நம் வீட்டுக்குப் பாம்பு வந்தால் நமக்கு வேலை மூன்றுதான். குழந்தைகளை விலக்குங்கள், எட்ட நின்று பாம்பு எங்கே போகிறது என்று கண் வைத்திருங்கள், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் பாம்பைத் தேடிப் போகாதீர்கள், படமெடுக்கவும் நிற்காதீர்கள். கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் செல்போன் இருப்பது அதற்குத்தான்.