கொத்தனார் சென்ற பின்பு



‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டிலே குடியிருந்துகொண்டே அதைப் புதுப்பிப்பது இவ்விரண்டினும் கடினம் என்பதைப் பட்டறிந்தோர் அறிவர். பெற்றோர் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிவைத்த வீட்டில் குளியலறையை இடித்து ஓடு பதிப்பதும், அடுப்படி மேடையை மாற்றுவதும், மேல்தளத்தின் ஒழுக்கை அடைப்பதும் இன்று பல குடும்பங்களுக்கு வந்து சேரும் கடமைகள். மகளின் திருமணமோ, பிள்ளையின் புதுநன்மையோ, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவோ நெருங்கும்போதுதான் இவ்வேலையில் இறங்குகிறோம். பத்து நாளில் முடியும் என்றது ஒரு திங்களாக நீள்கிறது. இறுதியில் ஒரு மாலை, கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, “வேலை முடிந்தது அம்மா, கணக்கைப் பாருங்கள்” என்கிறார்.

அம்மா சுற்றுமுற்றும் பார்க்கிறார். சன்னல் கண்ணாடியில் வண்ணத் துளிகள்; பழைய மொசைக் தரையில் சிமெண்ட் படலம்; குளியலறைத் தண்ணீர் வடிகாலை நோக்காமல் வாயிற்படியை நோக்கி ஓடுகிறது; வாசலில் இடிபாட்டுக் குவியல்; பீரோவின் உள்ளே வரை மாவு போன்ற தூசி. “இதுவா முடிந்த வேலை?” என்கிறார் அவர். “துப்புரவு எங்கள் பேச்சில் இல்லையே” என்கிறார் இவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. வேலை எங்கே முடிகிறது என்பதை இருவரும் தொடக்கத்தில் பேசிக்கொள்ளவே இல்லை. குறைகளையும் குப்பையையும் கூலியையும் ஒன்றாகக் குழப்பிக் கொண்டு சினத்தோடு பேசுவதால்தான், நல்ல வேலைக்காரரையும் இழந்து மன அமைதியையும் இழக்கிறோம். அம்மூன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

முடிவை முதலிலே பேசுக

வேலை தொடங்குமுன் ஒரு தாளில் சில வரிகள் எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிட்டு, ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுதல் நன்று. உறவினர் மூலம் வந்த மேஸ்திரியிடம் எழுத்துக் கேட்பது நாகரிகமன்று என்று சிலர் தயங்குவர். உறவு கெடாமல் காப்பதற்கே எழுத்து வேண்டும். எந்தெந்த வேலை, எந்தப் பொருள், யார் வாங்குவது என்பவற்றை எல்லாரும் எழுதுவர். எழுத மறப்பவை வேறு. பழைய தரையின்மேல் சாக்கோ தார்ப்பாயோ விரிப்பது யார்? கலவையை எங்கே குழைப்பது? இடிபாட்டை எத்தனை நாளுக்கொருமுறை, எவர் செலவில், எவ்விடத்திற்கு அகற்றுவது? சிந்திய சாந்தை அன்றன்றே துடைப்பது யார் பொறுப்பு? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்டால், இறுதிநாள் பூசலில் பெரும்பகுதி பிறவாமலே போகும்.

இடிபாட்டைத் தெருவோரத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டிவிட்டுத் திரும்புவது நம் ஊர்களில் பழகிப்போன வழக்கம். கட்டடக் கழிவுகளுக்கென்று நடுவண் அரசு 2016-ஆம் ஆண்டில் தனி விதிகளையே வகுத்தது. தெருவிலும் வடிகாலிலும் கொட்டக் கூடாது என்பதும், கழிவை உண்டாக்கியவருக்கே அதை ஒழுங்காக ஒப்படைக்கும் பொறுப்பு உண்டு என்பதும் அவற்றின் உட்பொருள். லாரிக்காரர் கொட்டினார் என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

பணத்தை வேலையின் படிகளுக்கேற்பப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைப் போல ஒரு தொகை, குறைகள் திருத்தப்பட்டு வீடு துப்புரவானபின் தரப்படும் என்று முன்னதாகவே ஒப்புக்கொள்ளச் செய்யலாம். அரசு ஒப்பந்தங்களிலும் இவ்வாறு ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் முறை உண்டு. முன்னரே ஒப்பிய தொகையை நிறுத்துவது ஒழுங்கு. ஒன்றும் சொல்லாதிருந்துவிட்டு இறுதியில் சினத்தால் பிடித்துக் கொள்வது ஒழுங்கன்று.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

‘கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை’ என்பது பழமொழி. வருகிற விருந்தினர் ஆளுக்கொரு குற்றம் சொல்வர். அதைக் கேட்டுக்கொண்டு கொத்தனாரிடம் பாய்தல் கூடாது. சாரம் பிரிப்பதற்கு முன்னரே, பகல் வெளிச்சத்தில், மேஸ்திரியை உடன் வைத்துக்கொண்டு அறை அறையாக நாமே பார்த்துக் குறைகளை எழுதிக்கொள்ள வேண்டும்.

பார்ப்பதற்கு எளிய வழிகள் உள்ளன. பதித்த ஓடுகளை ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டுக. உள்ளே கலவை முழுதும் பரவாத ஓடு பொள்ளென்று ஒலிக்கும்; கனமான பாத்திரம் விழுந்தால் அதுதான் முதலில் உடையும். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது தேங்காமல் வடிகாலுக்குச் செல்கிறதா என்று பாருங்கள். மேல்தளத்தில் ஒழுக்கு அடைத்திருந்தால், வடிகுழாயை அடைத்து ஓரிரு நாள் நீரைத் தேக்கிவைத்துக் கீழிருந்து நோக்குக. கதவுகளையும் சன்னல்களையும் திறந்து மூடிப் பாருங்கள். சுவரின் நேரைத் தூக்குக்குண்டும், தளத்தின் மட்டத்தை ரசமட்டமும் ஐயமின்றிச் சொல்லும். வாய்ச்சண்டைக்கு இடமே இராது.

எல்லா வெடிப்பும் குற்றமன்று என்பதையும் அறிதல் வேண்டும். பூச்சின் மேற்பரப்பில் வலைபோல் தோன்றும் மயிரிழை வெடிப்புகளைப் பட்டி பூசி மறைத்துவிடலாம். பழைய சுவரும் புதுச் சுவரும் கூடுமிடத்தில் நேர்கோடாக விழும் வெடிப்பு வேறு வகை. இரண்டும் வெவ்வேறாக அசைவதால் அது உண்டாகிறது. அங்கே கம்பிவலை வைத்துப் பூசியிருக்க வேண்டும். அதனைத் திருத்தித் தருமாறு கேட்பது முறையே.

இங்கே நம் பக்கத்துப் பிழையும் ஒன்று உண்டு. சிமெண்ட் காய்வதால் இறுகுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது நீரோடு சேர்ந்து நிகழ்த்தும் வேதிமாற்றத்தால் இறுகுகிறது. ஆதலால்தான் கான்கிரீட்டைச் சாதாரண சிமெண்டாயின் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் குறைந்தது 10 நாளும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்று இந்தியத் தர அமைவனத்தின் 2000-ஆம் ஆண்டு நெறிநூல் விதிக்கிறது. புதுப் பூச்சு நன்கு உலர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். அதன் பின்பே வண்ணம் நிற்கும். திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கையில் பூசச் சொல்லி, பதினைந்தாம் நாள் வண்ணம் உப்பிக் கழன்றதற்குத் தொழிலாளியைக் கடிந்துகொள்வது நீதியாகுமா? நாள் குறித்தவர் நாமே அல்லவா?

நீராற்றும் பொழுது ஓர் எச்சரிக்கை. தளத்தில் பாத்தி கட்டித் தேக்கிய நீரை வாரத்திற்கு ஒருமுறையேனும் முற்றும் வடித்துவிட்டுப் புதுநீர் நிரப்புக. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் பருவம் அடைய ஏறத்தாழ ஒரு வாரமே போதும்.

துப்புரவுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு

குறைகளைத் திருத்திய பின்னரே பெருந்துப்புரவு. முன்னே செய்தால் இருமுறை செய்ய நேரும்.

உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதே நாம் செய்யும் முதல் தவறு. கல்லும் ஓடும் அறுத்த தூசியில் சிலிக்கா என்னும் நுண்துகள் உள்ளது. அது நுரையீரலின் அடிவரை சென்று தங்கும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ஆம் ஆண்டிலேயே அதனைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களுள் சேர்த்தது. பெருக்கினால் தூசி எழும்பிச் சற்று நேரத்தில் மறுபடியும் அமரும். இடையில் அதைச் சுவாசிப்பவர் நாமும் நம் பிள்ளைகளும். ஆகவே மூக்கையும் வாயையும் நன்கு மூடிக்கொண்டு, சன்னல்களைத் திறந்துவைத்து, ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து வருக. முதலில் மின்விசிறியும் பரணும், பின்பு சுவர், இறுதியில் தரை. தரையில் ஈரமாக்கிய மரத்தூளைத் தூவிக் கூட்டினால் தூசி பறக்காது. குழந்தைகளையும் முதியோரையும் அன்று உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிடுதல் நலம்.

பழைய கதவுகளின் வண்ணத்தை உப்புத்தாளால் உலரத் தேய்ப்பதும் தீது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தல் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வண்ணத்தில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அத்தூசி சிறுவர்தம் மூளை வளர்ச்சியைத் தாக்கவல்லது. நீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை அடித்து உடைக்காமல், நனைத்து முழுதாக இறக்கச் சொல்லுங்கள்.

சிமெண்ட் கறைக்கு வருவோம். ஈரமாக உள்ளபோது ஒரு நனைந்த துணி போதும். இறுகிய பின் மரச்சில்லால் மெல்லச் சுரண்டி, எஞ்சியதை நாரால் தேய்க்க வேண்டும். கடையில் விற்கும் ஆசிட்டைக் கொட்டினால் உடனே போய்விடும் என்று ஆலோசனை கூற எவரேனும் இருப்பர். போவது கறை மட்டுமன்று. பளிங்கு, கடப்பைக்கல், மொசைக், செங்காவி போட்ட சிமெண்ட் தரை, ஆத்தங்குடி ஓடு ஆகிய யாவற்றையும் அமிலம் அரித்துவிடும். மெருகு திரும்ப வாராது. மெருகோட்டின் மேல் மட்டும், நிறைய நீரில் கலந்து, உடனே கழுவிவிடலாம்; அங்கும் இடைச்சந்தின் சாந்தை அது தின்னும். கலக்கும்போது நீரில் அமிலத்தை ஊற்றுக. அமிலத்தில் நீரை ஊற்றுதல் கூடாது. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் ஒருபோதும் சேரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும். மூடிய குளியலறையில் அது உயிரையே பறிக்கும்.

கண்ணாடியில் விழுந்த துளியை முதலில் சோப்பு நீரால் ஊறவைத்துப் பின்பு சவர அலகைச் சாய்த்துப் பிடித்து நீக்குக. எண்ணெய் வண்ணக் கறைக்கு டர்பன்டைன் உதவும். சிமெண்ட் கழுவிய நீரை வடிகாலில் ஊற்ற எவரையும் விடாதீர்கள். அது நீருக்கடியிலும் இறுகும் பொருளாகையால், குழாயின் வளைவிலே கல்லாக நின்று, அடுத்த மழையில் வீட்டையே திணறச் செய்யும். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். கையுறை இல்லாமல் கழுவுதல் வேண்டா. கண்ணில் தெறித்தால் கால்மணி நேரம் தூயநீரால் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்க. குவியலில் ஆணியும் கம்பித் துண்டும் கிடக்கும்; ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்மேல் இழுத்துச் சென்றால் பெரும்பாலானவை ஒட்டிக்கொள்ளும்.

கணக்குத் தீர்க்கும் வேளை

இப்போது கூலி. நம் வாசலுக்கு வேலைக்கு வருவோர் எல்லாரும் ஒரே நிலையினர் அல்லர். ஒப்பந்தம் பேசியவர் ஒருவர். கரண்டி பிடித்தவர் வேறொருவர். காலை முதல் மாலை வரை மணலும் கலவையும் சுமந்த சித்தாள் மூன்றாமவர். வடிகாலின் சரிவு தவறியதற்கு அந்தப் பெண் காரணமல்லள். சினத்தில் முழுக் கணக்கையும் நாம் நிறுத்திவைத்தால், ஒப்பந்தக்காரர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். அன்றிரவு அடுப்பு எரியாதது அவள் வீட்டிலேதான். தொழிலாளியின் கூலியை வஞ்சிப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று எனச் சிறுவயதிலேயே மறைக்கல்வியில் படித்தவர்கள் நாம். நாட்கூலியை அன்றன்றே சேர்ப்பித்துவிடுங்கள். குறைக்கான தொகையை ஒப்பந்தக்காரரின் இறுதிப் பங்கிலே மட்டும், முன்பு பேசியவாறு நிறுத்துங்கள்.

அவர் குறைகளைத் திருத்த மறுத்தால்? எழுதிவைத்த பட்டியலையும், எடுத்துவைத்த நிழற்படங்களையும் காட்டி, நாள் குறித்து ஒரு கடிதம் கொடுங்கள். பலர் இதற்கே இணங்கிவிடுவர். இணங்காவிடில், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். வீடு கட்டும் பணியையும் அது சேவை என்றே குறிக்கிறது. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டிற்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முதலில் ஆலோசனையும் பெறலாம். ஆனால் நாட்கூலிக்கு ஆள் வைத்து, நாமே மேற்பார்த்துச் செய்வித்த வேலைக்கு இவ்வழி எளிதில் பொருந்தாது. அங்கே நம் கண்ணும் நம் பொறுமையுமே காவல்.

நன்றாகச் செய்தவரை நன்றாகச் செய்தார் என்று சொல்லவும் மறவாதீர்கள். குறை சொல்லும்போது பத்துப்பேர் கேட்கச் சொல்லும் நாம், நிறை சொல்லும்போது வாய்மூடி இருக்கிறோம். நேரான சுவர் எழுப்பியவருக்கு அவர் பிள்ளைகள் முன்னிலையில் ஒரு நல்ல சொல் கூறுங்கள். அடுத்த வீட்டாருக்கும் அவர் பெயரைச் சொல்லுங்கள். பிழையின்றிச் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் தொழிலாளிக்கு மதிப்பினால் வளரும், வசையினால் வளராது.

முழு வேலையையும் தயங்காமல் கேளுங்கள். முழுக் கூலியையும் தாமதமின்றிக் கொடுங்கள். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், எத்தனை முறை கழுவினாலும் அவ்வீடு துப்புரவாகாது.