ஓட ஆரம்பிச்ச மூணாவது வாரம் கால் ஏன் வலிக்குது?



கடலை, மாடு, கிணறுன்னே எழுதிக்கிட்டு இருக்கிறவன் இன்னைக்கு ஓட்டத்தைப் பத்தி எழுதறேன். காரணம் இருக்கு.

போலீஸ் வேலைக்கு அறிவிப்பு வந்துட்டா போதும், எங்க மணப்பாறை பக்கத்து ஊருங்கள்ல விடியக்காலம் நாலரை மணிக்கே பசங்க தார் ரோட்டுல ஓட ஆரம்பிச்சிடுவாங்க. நான் பால் கறக்க எந்திரிக்கும்போது தடதடன்னு காலடிச் சத்தம் கேட்கும். முதல் வாரம் பதினஞ்சு பேரு இருப்பாங்க. மூணு நாலு வாரம் போனா ஏழெட்டுப் பேருதான். மத்தவங்களைக் கேட்டா ஒரே பதில்தான்: "நல்லாத்தான் ஓடிட்டு இருந்தேன் சித்தப்பா. திடீர்னு முடியல. முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குது."

ஊர்ல இதுக்கு ஒரு தீர்ப்பு ரெடியா இருக்கு. "செல்போனைப் பார்த்தே ஒடம்பைக் கெடுத்துக்கிட்டானுங்க, தெம்பு இல்ல." நான் இதை ஒத்துக்க மாட்டேன். பெரும்பாலும் அது தெம்பு இல்லாத வலி இல்ல, அவசரப்பட்ட வலி. அவசரப்படுத்தினதுல பாதிப் பங்கு பெரியவங்களான நமக்கும் உண்டு.

முதல்ல மூச்சு விஷயத்தைச் சொல்லிடறேன். போலீஸ் தேர்வுல ஆம்பளப் பசங்க 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். 400 மீட்டர் மைதானத்துல அது மூணே முக்கால் சுத்து. கணக்குப் போட்டா ஒரு சுத்துக்கு 1 நிமிஷம் 52 விநாடி கிடைக்குது. நிதானமா ஓடினாலே போதுமான நேரம்தான். ஆனா புதுசா வர்ற பையன் முதல் சுத்தை ஒண்ணேகால் நிமிஷத்துல பறந்து முடிச்சிடறான். ஓட ஆரம்பிச்ச உடனே ஒடம்பு கேட்கிற அளவுக்குக் காத்து போய்ச் சேராது. நெஞ்சும் ரத்தமும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க ரெண்டு மூணு நிமிஷமாவது ஆகும். அதுக்குள்ள முழு வேகத்துல கிளம்பினா கடன் வாங்கி ஓடற மாதிரிதான். ரெண்டாவது சுத்துல வட்டியோட கேட்கும். விலாவுல பிடிக்கும், கால் ஈயமாக் கனக்கும். பக்கத்துல ஓடறவங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டே ஓட முடியற வேகம்தான் புதுசா ஓடறவனுக்குச் சரியான வேகம். பேச முடியலன்னா குறைச்சுக்கணும்.

இந்த மூச்சு சீக்கிரமே பழகிடும். ரெண்டு மூணு வாரத்துலயே பையனுக்கு நல்லா வித்தியாசம் தெரியும். சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது. மூச்சு ஒத்துழைக்குதேன்னு 2 கிலோமீட்டரை 5 ஆக்கிடறான். ஆனா எலும்பும் தசைநாரும் அந்த வேகத்துல பழகாது.

மண்வெட்டி பிடிச்சவங்களுக்கு இது சுலபமாப் புரியும். பட்டணத்துல இருந்து வந்த பிள்ளை ஒருநாள் வரப்பு வெட்டினா உள்ளங்கையில கொப்புளம் வந்துடும். ரெண்டு நாள் விட்டு, கொஞ்சம் கொஞ்சமா வெட்டினா அதே எடத்துல காய்ப்பு ஏறும். அப்புறம் நாள் பூரா வெட்டலாம். கொப்புளத்தோடயே வெட்டினா உடைஞ்சு புண்ணாயிடும். எலும்புக்கும் இப்படிக் காய்ப்பு ஏறணும். கையில கொப்புளம் கண்ணுக்குத் தெரியுது, எலும்புல நடக்கிறது தெரியல. அதுதான் வித்தியாசம்.

பாரம் கூடினதும் எலும்பு தன்னைத்தானே திருத்திக் கட்ட ஆரம்பிக்கும். பழைய செவத்தைக் கொஞ்சம் இடிச்சாத்தானே புதுசு வைக்க முடியும்? முதல்ல அரிச்சு எடுக்கும், அப்புறம்தான் புது எலும்பு வைக்கும். எடுக்கிற வேலை சில வாரத்துல முடியும், வைக்கிற வேலைக்கு மாசக்கணக்கு ஆகும். ஆக, ஓட ஆரம்பிச்ச மூணு நாலு வாரத்துல அந்த எடம் முன்னைவிடக் கொஞ்சம் பலவீனமாவே இருக்கும். சரியா அந்த நேரத்துலதான் நம்ம பையன் தூரத்தைக் கூட்டறான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு பாரம் கால்ல இறங்குது. 60 கிலோ பையன்னா 120-ல இருந்து 180 கிலோ. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் அடி வைக்கிறான். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இது இன்னைக்கு நேத்து வந்த சங்கதியும் இல்ல. புதுசாச் சேர்ந்த சிப்பாய்களை நடக்க வச்சு நடக்க வச்சு பாதம் வீங்கிப்போறதை 1855-லயே பிரஷ்யா நாட்டு ராணுவ டாக்டர் ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். அது எலும்புல விழுற மெல்லிய விரிசல்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கிராமத்துப் பிள்ளைன்னா கால் இரும்பா இருக்கும்னு நினைக்கிறீங்க. எங்க தலைமுறைக்கு அது கொஞ்சம் பொருந்தும். இப்போ பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறது வேன்ல, கடைக்குப் போறது வண்டியில. உங்க பிள்ளைக்கும் எங்க பிள்ளைக்கும் கால் ஒண்ணுதான். சென்னையில கம்பெனி வேலை பார்க்கிற என் அக்கா மகனும் மாரத்தான் ஓடறேன்னு விலை கூடின ஷூ வாங்கி, நாலாவது வாரம் நொண்டிக்கிட்டு உட்கார்ந்தாப்ல. லாடம் அடிச்சுட்டா மட்டும் கன்னுக்குட்டி வண்டி இழுத்துடுமா மாப்ளன்னு கேட்டேன். சிரிச்சாப்ல.

பொம்பளப் பிள்ளைங்க நிலைமை இன்னும் கஷ்டம். அவங்களுக்கு 400 மீட்டரை 2 நிமிஷம் 30 விநாடியில ஓடணும். வயசுக்கு வந்ததுல இருந்து "ஓடாத, குதிக்காத"ன்னு நிறுத்தி வச்சுட்டு, பத்து வருஷம் கழிச்சு ரெண்டு மாசத்துல ஓடிக் காட்டுன்னா எப்படி?

என் அக்கா மகனுக்குக் கால் வலிச்சா ஒரு ஞாயித்துக்கிழமை ஓட்டம் போச்சு, அவ்வளவுதான். எங்க பசங்களுக்கு அப்படி இல்ல. எங்க தெருப் பையன் ஒருத்தன், எழுத்துத் தேர்வுல நல்ல மார்க். கால் வலிக்குதுன்னு சொன்னப்போ பயிற்சி கொடுத்தவர் "வலியைத் தாங்கினாத்தான்டா போலீசு"ன்னுட்டார். தாங்கினான். எலும்புல விரிசல் விழுந்து, டாக்டர் ரெண்டு மாசம் ஓடக்கூடாதுன்னு சொல்லிட்டார். உடல் தகுதித் தேர்வு அந்த ரெண்டு மாசத்துக்குள்ள வந்து போயிடுச்சு. அடுத்த அறிவிப்பு வரும்போது வயசு வரம்பைத் தாண்டிட்டான். இப்போ சரக்கு வண்டி ஓட்டறான். நல்ல உழைப்பாளி. அவனைச் சோம்பேறின்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும்.

காளைக்கன்னைப் பழக்கறவன் முதல் நாளே பார வண்டியில கட்ட மாட்டான். முதல்ல வெறும் நுகத்தடி. அப்புறம் கட்டையை இழுக்க விடுவான். அப்புறம் பழகின மாட்டோட ஜோடி போட்டு வெறும் வண்டி. கழுத்து வீங்கினா அன்னைக்கு அவிழ்த்து விட்டுடுவான். மாட்டுக்குப் பார்க்கிற இந்த நிதானத்தை நம்ம பிள்ளைக்குப் பார்க்கக் கூடாதா?

நான் பசங்ககிட்டச் சொல்றது இதுதான். அறிவிப்புக்குக் காத்திருக்காத, ஆறு மாசம் முன்னாடியே ஆரம்பி. முதல் ரெண்டு வாரம் வேகமா நட. அப்புறம் ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. நடக்கிறதுல வெட்கம் இல்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடு, எலும்பு வளர்றது ஓய்வுலதான். தார் ரோட்டை விட்டுட்டு ஏரிக்கரை மண்ணுல, குழி மேடு பார்த்து ஓடு. சாப்பிட்ட உடனே ஓடாத. சித்திரை வைகாசியில வெயில் ஏறினதுக்கப்புறம் ஓடாத.

வலியைப் பிரிச்சுப் பார்க்கவும் தெரியணும். தொடை, கெண்டைச்சதை பொதுவா வலிச்சு ரெண்டு நாள்ல போனா அது வேலை செஞ்ச வலி, பயப்பட வேண்டாம். முழங்காலுக்குக் கீழ உள்பக்க எலும்பு நெடுக வலிச்சா ஓட்டத்தை நிறுத்திட்டு ஓய்வு எடுக்கணும். ஒரே எடத்துல, விரல் வச்சு அமுக்கினா சுருக்குன்னு வலிச்சா, நடந்தாலும் ராத்திரி படுத்தாலும் வலி இருந்தா, டாக்டரைப் பார்த்தே ஆகணும். ஆரம்பத்துல எக்ஸ்ரேயில அந்த விரிசல் தெரியாமப் போகலாம். எக்ஸ்ரே சுத்தமா இருக்குன்னு மறுநாளே ஓடக் கூடாது. நெஞ்சு வலி, தலைசுத்தல் வந்தா அந்த எடத்துலயே நின்னுடணும்.

உங்க ஊர்ல ஓட்டத் தேர்வுக்குத் தயாராகிற தம்பி தங்கச்சி யாராவது இருந்தா, இன்னைக்கே ஒரு போன் போட்டு "இப்பவே நடக்க ஆரம்பி"ன்னு சொல்லுங்க. வலிக்குதுன்னு அந்தப் பிள்ளை சொன்னா, "தாங்கிக்கோ"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "எந்த எடத்துல?"ன்னு கேளுங்க.